பங்குத்தந்தை மீது புகார்: எங்கே கொடுப்பது, எப்படி எழுதுவது

பங்குத்தந்தை தவறாக நடந்துகொண்டார் என்று தெரிந்ததும் நம் ஊர்களில் முதலில் நடப்பது ஒரு கூட்டம். பங்குப் பேரவையில் நாலு பேர், அன்பியப் (பங்கின் சிறு குழு) பொறுப்பாளர் ஒருவர், ஊரில் சொல்வாக்கு உள்ள ஒருவர் என்று கூடிப் பேசி, "சாமியை மாத்தச் சொல்லுவோம், விஷயம் வெளியே போக வேண்டாம்" என்று முடிவெடுக்கிறார்கள். மாற்றலும் வந்துவிடுகிறது. அவர் போய்ச் சேரும் பங்கிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் எழுப்புவதில்லை. திருச்சபையின் சட்டமே இன்று அந்த வழியை மறுக்கிறது. அது சொல்லும் வழி என்ன, அதோடு நாட்டின் சட்டம் எப்படிச் சேர்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க மறைமாவட்டங்களை வைத்து இங்கே எழுதுகிறோம். சி.எஸ்.ஐ. போன்ற பிற சபைகளின் உள்விதிகள் வேறு. ஆனால் காவல் நிலையம், போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), பணியிடப் புகார்க் குழு பற்றிச் சொல்லியிருப்பவை எல்லாருக்கும் ஒன்றே.

குழந்தை என்றால்: முதல் நாள்

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் முதலில் போக வேண்டிய இடம் காவல் நிலையம். ஆயர் இல்லத்தின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 19இன்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் உள்ளூர் காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும். இதில் பங்குத்தந்தை, தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், அருட்சகோதரி, உபதேசியார், பேரவை உறுப்பினர் யாருக்கும் விலக்கு இல்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும். மேலே சொன்ன கூட்டத்தில் உட்காருகிறவர்கள் இதை அறிந்து உட்கார வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதையும் பிரிவு 19 சொல்கிறது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். 1098 சிறார் உதவி எண்ணையும் அழைக்கலாம். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்பது பிரிவு 24. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டால்தான் கிடைக்கும்.

உடல் சார்ந்த வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவமனை முதலில், அல்லது காவல்துறையோடு சேர்ந்தே. அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகித உறையில் வைத்து எடுத்துப் போங்கள். சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பவும் முடியாது.

இன்னொன்று, இதில்தான் நல்ல மனிதர்களே தவறுகிறார்கள். அம்மா கேட்கிறார், பிறகு அத்தை கேட்கிறார், பிறகு சிஸ்டர் கேட்கிறார், பிறகு பேரவைத் தலைவர் கேட்கிறார். ஐந்தாவது முறை சொல்லும்போது குழந்தையின் வார்த்தைகளில் பெரியவர்களின் வார்த்தைகள் கலந்துவிடும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது அந்த இடத்தைத்தான். முதல் தடவை குழந்தை சொன்னதை, அது சொன்ன சொற்களிலேயே, அன்றே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைத்துவிட்டு, மேற்கொண்டு கேட்பதைக் காவல்துறைக்கும் மனநல ஆலோசகருக்கும் விட்டுவிடுங்கள்.

திருச்சபைக்குள் யாரிடம்

போலீசில் புகார் கொடுத்துவிட்டதால் திருச்சபைப் புகார் வேண்டாம் என்று ஆகாது. நீதிமன்றம் சிறைத் தண்டனை தரலாம், குருத்துவப் பணியிலிருந்து விலக்க அதனால் முடியாது. அதைச் செய்யக்கூடியது திருச்சபை மட்டுமே. இரண்டு புகாரும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் போகட்டும்.

அடிப்படை ஆவணம் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி'. மூன்று ஆண்டுச் சோதனைக்காக வந்தது, 2023இல் திருத்தப்பட்டு ஏப்ரல் 30 முதல் நிரந்தரச் சட்டமாகிவிட்டது. பொதுமக்கள் எளிதில் அணுகக்கூடிய புகார் அமைப்போ அலுவலகமோ ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. ஆயர் இல்லத்துக்கு போன் செய்து, "சிறார் மற்றும் பாதிக்கப்படும் நிலையில் உள்ளோர் பாதுகாப்புக்கான புகார்களை வாங்குபவர் யார், முகவரி என்ன" என்று மட்டும் கேளுங்கள். விவரம் எதையும் போனில் சொல்ல வேண்டாம். தெளிவான பதில் வராவிட்டால் நேரே ஆயர் பெயருக்கே எழுதுங்கள்.

புகார் போகக் கூடாத இடங்களும் உண்டு. மறைவட்ட முதன்மைக் குருவிடம் (சில பங்குகளுக்குப் பொறுப்பான மூத்த குரு) வாய்மொழியாகச் சொல்வது அதில் ஒன்று. குருக்கள், துறவியர் யாராக இருந்தாலும் இத்தகைய செய்தி தெரிந்தால் ஆயரிடம் உடனே தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டுதான். ஆனால் நீங்கள் சொன்னதற்கு உங்கள் கையில் சான்று இருக்காது. அதைவிட முக்கியமானது பாவசங்கீர்த்தனம். அங்கே சொன்னதை அந்தக் குரு எங்கேயும் எடுத்துப் பேச முடியாது, ஆயரிடமும் முடியாது. மனம் ஆறுவதற்காக அங்கே சொல்லலாம். புகாராக வேண்டுமென்றால் அதே செய்தியை வெளியே, சாதாரண உரையாடலாகவோ கடிதமாகவோ மறுபடி சொல்ல வேண்டும். "சாமியிடம் அப்போதே சொன்னேனே, ஒன்றும் செய்யவில்லை" என்று வருந்துகிற பலர் சொன்ன இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியாக இருக்கும்.

அந்தக் குரு மறைமாவட்டக் குருவா, துறவற சபையைச் சேர்ந்தவரா என்று பாருங்கள். இயேசு சபை, சலேசிய சபை போன்றவற்றைச் சேர்ந்தவர் என்றால் ஒரே கடிதத்தை இருவருக்கு அனுப்புங்கள்: சம்பவம் நடந்த மறைமாவட்டத்தின் ஆயருக்கும், அவருடைய சபையின் மாநிலத் தலைவருக்கும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சம்பவம் நடந்த இடத்தின் ஆயரே விசாரணையை எடுக்க வேண்டும் என்பது 2023 திருத்தத்தில் தெளிவாகிவிட்டது. "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதை இது தடுக்கும்.

கடிதத்தில் என்ன எழுதுவது

புகார் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். இடம், காலம், சம்பந்தப்பட்டவர்கள், அறிந்தவர்கள், சூழ்நிலை ஆகியவை முடிந்த மட்டும் நுட்பமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பார்க்க எளிதாகத் தோன்றும். கோபத்தில் எழுதும்போது இதுதான் விட்டுப்போகும்.

"எங்கள் பங்குத்தந்தை என் மகளிடம் பலமுறை ஒழுக்கக்கேடாக நடந்துகொண்டார், அவரால் பங்கின் பெயரே கெட்டுவிட்டது" என்ற வாக்கியத்தை வைத்து விசாரணையாளர் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. இதோடு ஒப்பிடுங்கள்: "2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, விண்ணேற்புப் பெருவிழாவுக்கு முந்தின மாலை. திருப்பலி முடிந்து சுமார் 7.15 மணிக்கு, பாடகர் குழுப் பயிற்சிக்கு வந்திருந்த என் மகளைப் பங்குத்தந்தை தன் அலுவலக அறைக்கு அழைத்தார். கதவு சாத்தப்பட்டதை உபதேசியார் பார்த்தார். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து வெளியே வந்தாள். அன்றிரவு என்னிடம் அவள் சொன்னது:" என்று தொடங்கி, அவள் சொன்னதை அவள் சொற்களில். இதில் சரிபார்க்க ஐந்து இடங்கள் இருக்கின்றன. யார் மறுத்தாலும் ஒன்றிரண்டாவது நிற்கும்.

தேதி நினைவில்லை என்றால் திருவழிபாட்டு நாள்காட்டி கைகொடுக்கும். கொடியேற்றத்துக்கு மறுநாள், தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி சிலுவைப்பாதை முடிந்ததும், முதல் நற்கருணை வகுப்பு தொடங்கிய வாரம் என்று எழுதினால் பங்குப் பதிவேட்டைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். உறுதியாகத் தெரியாத தேதியைத் துணிந்து போடாதீர்கள். "சுமார்" என்ற சொல் புகாரைப் பலவீனமாக்காது, தவறான தேதி பலவீனமாக்கிவிடும்.

நீங்கள் கண்ணால் கண்டதை ஒரு பத்தியிலும், பிறர் சொல்லக் கேட்டதை யார் சொன்னது என்ற விவரத்தோடு இன்னொரு பத்தியிலும் வையுங்கள். கல்லறைத் திருவிழாக் கணக்கு, கெபி கட்டின சண்டை, சாதிப் பாகுபாடு என்று பழைய மனத்தாங்கல்களை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் "இது கோஷ்டிப் பகை" என்று ஒதுக்க அதுவே காரணமாகிவிடும். அவற்றுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். போனையும் மாற்றாமல் வைத்திருங்கள், நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். குழந்தையின் ஆபாசப் படமோ வீடியோவோ சிக்கினால் அதை ஆயருக்கோ பேரவைக்கோ அனுப்பவே கூடாது. அனுப்புவதே குற்றம். போனை அப்படியே காவல்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

பெயரில்லாக் கடிதத்தைத் தானாகவே குப்பையில் போடக் கூடாது என்று வத்திக்கான் 2020இல் வெளியிட்ட நடைமுறைக் கையேடு சொல்கிறது. என்றாலும் பெயரோடு வரும் கடிதத்தின் வலிமை அதற்கு வராது. கேள்வி கேட்க ஆள் வேண்டும். பயம் இருந்தால் வக்கீல் வழியாக அனுப்பலாம்.

உறையின் மேல் "ஆயர் அவர்கள் மட்டும் பிரிக்க" என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்த சான்றையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி, கையொப்பம், அலுவலக முத்திரை மூன்றும் வாங்காமல் திரும்பாதீர்கள். கடிதத்தின் கடைசியில் மூன்று கோரிக்கைகளை எழுதுங்கள்: கிடைத்ததற்கு எழுத்துப்பூர்வ ஒப்புகை, விசாரணையாளர் யார் என்ற தகவல், பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவ, மனநல உதவி. மூன்றாவதைக் கேட்கத் தயங்குகிறார்கள், காசுக்காகப் புகார் என்று சொல்லிவிடுவார்களோ என்று. புகார் சொன்னவரை வரவேற்று, கேட்டு, ஆன்மிக உதவியோடு மருத்துவ உளவியல் உதவியும் தர வேண்டியது திருச்சபை அதிகாரிகளின் கடமை என்று 'வோஸ் எஸ்திஸ்' ஐந்தாம் பிரிவு சொல்கிறது. கடமையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடிதம் போன பின் ஆயர் செய்ய வேண்டியவை

செய்தி நம்பத்தக்கதாகத் தோன்றினால் ஆயர் எழுத்து ஆணையால் முதல்நிலை விசாரணையைத் தொடங்குகிறார். இது திருச்சபைச் சட்டம் 1717. விசாரணையாளர் ஒருவரும் பதிவாளர் ஒருவரும் அமர்த்தப்படுவார்கள். குருவின் நற்பெயர் சம்பந்தப்பட்ட வழக்கில் பதிவாளர் குருவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. "நிரூபிக்க முடியுமா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டு மடக்கினால், அது முதல்நிலை விசாரணைக்குரிய கேள்வி இல்லை என்று சொல்லலாம்.

சிறார் சம்பந்தப்பட்டது என்றால் விசாரணை எப்படி முடிந்தாலும் ஆவணங்களின் சான்றளித்த நகல் உரோமையில் உள்ள நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். மேற்கொண்டு நீதிமன்ற முறையா, நிர்வாக ஆணை முறையா என்பதை அது சொல்லும். உச்சத் தண்டனை குருத்துவ நிலையிலிருந்து நீக்கம். பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது ஆன நாளிலிருந்து 20 ஆண்டு என்பது திருச்சபையின் காலவரம்பு. அதையும் தாண்டிய வழக்கை எடுக்க அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு. ஆகவே 45 வயதுக்காரர் சிறுவயதில் நடந்ததைச் சொன்னாலும் "காலம் கடந்துவிட்டது" என்று ஆயர் இல்லமே மூடிவிட முடியாது.

நடைமுறையில் வழுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது மாற்றல். விசாரணை நடக்கும்போது குருவைப் பணி செய்யவிடாமல் தடுத்து வைக்க ஆயருக்குச் சட்டம் 1722 அதிகாரம் தருகிறது. அது தண்டனை இல்லை, முன்னெச்சரிக்கை. வெறுமனே வேறு பங்குக்கோ வேறு பொறுப்புக்கோ மாற்றிவிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று வத்திக்கான் கையேடு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மாற்றல் உத்தரவு வந்தால் பட்டாசு வெடிக்காமல், "பணித்தடை உண்டா, புதிய இடத்தில் சிறாரோடு பழகத் தடை உண்டா" என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, நேருக்கு நேர் உட்கார வைப்பது. "சாமியும் வரட்டும், பிள்ளையும் வரட்டும், பேசித் தீர்ப்போம்" என்பது பஞ்சாயத்துப் பழக்கம். சிறாரை விசாரிக்கும்போது நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் உடனிருக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவரோடு நேரடித் தொடர்பு தவிர்க்கப்பட வேண்டும் என்பதே கையேட்டின் நெறி. அப்படிக் கூப்பிட்டால் போகாதீர்கள். ஏன் வரவில்லை என்பதை எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, வாய்ப்பூட்டு. பைபிளில் கைவைத்து வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்குவது, முத்திரைத்தாளில் சமரசம் எழுதுவது. புகார் செய்தவர், பாதிக்கப்பட்டவர், சாட்சி மூவர்மீதும் மௌனக் கட்டாயம் விதிக்க முடியாது என்கிறது 'வோஸ் எஸ்திஸ்' நான்காம் பிரிவு. இத்தகைய வழக்குகளுக்கு இருந்த திருப்பீட இரகசியமும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. போக்சோ குற்றத்தைத் தரப்புகள் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அந்த முத்திரைத்தாள் எழுதியவர்களையே பிறகு சிக்க வைக்கும்.

நீங்கள் பேசலாம் என்பதற்காகக் குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப் குழுவிலோ சுவரொட்டியிலோ போடக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

வயது வந்த பெண்கள், பணியாளர்கள், அருட்சகோதரிகள்

வன்முறை, மிரட்டல், அதிகாரத் துஷ்பிரயோகம் ஆகியவற்றால் வயது வந்தவரை வற்புறுத்துவதும் திருச்சபைக் குற்றமே. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள திருத்தச் சட்டத்தில் இது 1395ஆம் பிரிவின் மூன்றாம் பத்தி. இவை நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறைக்குப் போவதில்லை, ஆயரே விசாரிக்க வேண்டியவை. அதனாலேயே கிடப்பில் போட எளிதானவையும்கூட. "அவரும் சம்மதித்தார்தானே" என்ற வாதம் வரும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள்: வேலை யார் கையில் இருந்தது, ஆன்மிக வழிகாட்டி யார், மடத்தின் அன்றாடச் செலவுக்கு யாரைச் சார்ந்திருந்தார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லப்பட்டது. அருட்சகோதரிகள் தங்கள் தலைவி வழியாக மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை, நேரடியாகவே ஆயருக்கு எழுதலாம். காவல்துறைக்கும் போகலாம், எஃப்.ஐ.ஆர். எந்த ஊர் நிலையத்திலும் பதியலாம்.

பள்ளி, மருத்துவமனை, சமூகப்பணி மையம் போன்ற இடத்தில் வேலை செய்பவர் என்றால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குத் தலைவி மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றாலோ, புகாரே முதலாளி நிலையில் உள்ள தாளாளர் மீது என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பங்கு இல்லச் சமையல்காரம்மாவுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது, அவருக்கு யாரும் சொல்வதில்லை. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் நீட்டலாம். ஆறு நகல்கள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஆயர் பதிலுக்காகக் காத்திருந்து இந்த 3 மாதத்தைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

பணம் சம்பந்தமானவை

இதன் பாதை வேறு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் (சட்டம் 537). குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (1267). ஆண்டுக் கணக்கை ஆயருக்கு ஒப்படைக்க வேண்டும், விசுவாசிகள் தந்த பணத்துக்கு அவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் (1287). "திருடிவிட்டார்" என்று எழுதாமல், "இந்த ஆண்டு திருவிழா வரவு செலவும், கோபுர நிதி ரசீதுப் புத்தக எண்களும் நிதிக்குழு முன் வைக்கப்பட்டனவா" என்று கேட்டு எழுதுங்கள். கணக்கு வராதபோது அந்தக் கடிதமே அடுத்த புகாருக்கு ஆதாரம்.

புகார் ஆயர் மீதே என்றால், பதிலே வராவிட்டால்

ஆயரே தவறு செய்தார், அல்லது தனக்குக் கீழுள்ள குருவின் குற்றத்தை மூடி மறைத்தார் என்றால் புகார் மறைமாநிலப் பேராயருக்கு (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த மறைமாநிலத்தின் பேராயர்) போகும். தமிழகத்தின் இலத்தீன் மறைமாவட்டங்களுக்குச் சென்னை-மயிலை, மதுரை, புதுச்சேரி-கடலூர் ஆகிய மூன்றில் ஒன்று. கோட்டாறு, தூத்துக்குடி, பாளையங்கோட்டை, திருச்சி எல்லாம் மதுரையின் கீழ். கும்பகோணம், தஞ்சை, சேலம், தருமபுரி புதுச்சேரியின் கீழ். கோவை, உதகை, வேலூர், செங்கல்பட்டு சென்னையின் கீழ். டெல்லி சாணக்கியபுரியில் உள்ள திருத்தந்தையின் தூதரகத்துக்கும் நேரடியாக அனுப்பலாம். புகார் பேராயர் மீதே என்றால் தூதரகமே சரியான இடம். தகவல் சேர்ந்ததும் 30 நாளுக்குள் உரோமைத் துறை வழிகாட்டுதல் தர வேண்டும்.

ஆனால் சாதாரணமாகக் குரு மீதான புகாரைப் பேராயருக்கு அனுப்பினால் அது மறுபடி உங்கள் ஆயருக்கே திரும்பும். பேராயர் மற்ற ஆயர்களின் மேலதிகாரி இல்லை. முதலில் ஆயருக்கு எழுதி, அவர் அசையவில்லை என்பதை ரசீதுகளோடு காட்டும்போதுதான் அது "மறைத்தார்" என்ற புகாராகிறது. ஸ்பீட் போஸ்ட் ரசீதை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான்.

ஆயரிடமிருந்து எழுத்தில் ஆணை வந்து அது உங்களைப் பாதித்தால் 10 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், பிறகு உரோமைக்கு முறையிட 15 நாள். விண்ணப்பத்துக்கு 3 மாதம் பதிலே இல்லையென்றால் மறுத்ததாகக் கொண்டு முறையிடலாம் (சட்டம் 57). இந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

குற்றம் சாட்டப்பட்ட குருவுக்கும் நற்பெயருக்கான உரிமை உண்டு, வக்கீல் வைக்கும் உரிமையும் உண்டு. தீர்ப்பு வரும்வரை அவர் "குற்றம் சாட்டப்பட்டவர்"தான், கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள். வேண்டுமென்றே பொய்ப்புகார் கொடுப்பது திருச்சபைச் சட்டத்தில் தண்டனைக்குரியது. நிரூபிக்க முடியாமல் போவது பொய்ப்புகார் ஆகாது என்று பணியிடச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. போக்சோவில் குழந்தை சொன்னது தவறாக இருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது. "பொய்யென்று ஆனால் பிள்ளையை உள்ளே தள்ளிவிடுவார்கள்" என்று யாராவது வீட்டுக்கு வந்து சொன்னால், வந்தவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு அதையும் ஆயருக்கு எழுதுங்கள். புகார் சொன்னவரை மிரட்டுவதையும் பழிவாங்குவதையும் 'வோஸ் எஸ்திஸ்' நான்காம் பிரிவு தடை செய்திருக்கிறது.